பரீட்சை முடியட்டும்

டாக்டர் படிப்புக்குப் பயிற்சி தரும் ராஜஸ்தானத்துக் கோட்டாவில், மருத்துவ நுழைவுப் பரீட்சை நெருங்கிவிட்டால், ஊரில் யார் செத்தாலும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பீகாரிலிருந்து வந்து, ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, பிள்ளைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு கிடக்கும் தாய்மார் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. தாத்தா போனார், அத்தை போனாள் என்றால் மறைத்துவிடலாம். மஞ்சரிதேவிக்குப் போனது புருஷன்.

"அண்ணி, நீங்க வர வேண்டாம்," என்றான் சொந்த ஊர் பூர்ணியாவிலிருந்து போனில் கொழுந்தன் பினோத். "நீங்க கிளம்பினா நிதேஷுக்குத் தெரிஞ்சுடும். மூணாவது தடவை எழுதறான். அவன் டாக்டராகணும்கிறதுதானே அண்ணனோட ஒரே ஆசை? கொள்ளி நான் வெச்சுடறேன்."

பெற்ற மகன் குத்துக்கல்லாட்டம் இருக்க, தம்பி கொள்ளி வைத்தான். மஞ்சரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவி, வகிட்டில் குங்குமம் இட்டுக்கொண்டு பருப்பு தாளித்தாள். தினமும் இட்டாள். தினமும் கை கூசியது. பாழாய்ப்போன பரீட்சை, தாலியறுத்தவளை வாய்விட்டு அழக்கூட விடவில்லை.

படிப்பு கெடக்கூடாதென்று நிதேஷ் தன் போனை அவளிடமே கொடுத்திருந்தான்.

"அப்பா என்னம்மா சொன்னாரு?"

"முதல்ல படிக்கட்டும், முடிஞ்சதும் பேசிக்கலாம்னாரு."

பரீட்சையன்று தயிரும் சர்க்கரையும் ஊட்டி அனுப்பினாள். இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. முதலில் அவனைச் சாப்பிட வைக்க வேண்டும், அப்புறம்தான் சொல்ல வேண்டும். பரீட்சை மைய வாசலில், கொளுத்தும் வெயிலில், சொல்லப்போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்ததும் பிள்ளைகள் அழுதுகொண்டே வந்தார்கள். இந்தியில் எழுதுகிறவர்களுக்கு ஆங்கில வினாத்தாளைக் கொடுத்துவிட்டார்களாம். மாற்றித் தருவதற்குள் பாதி நேரம் போய்விட்டதாம். இந்த மையத்துக்கு மட்டும் அடுத்த மாதம் மறுபரீட்சை என்று அதிகாரிகள் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். அவர்களுக்கென்ன, பசை காய்வதற்குள் ஜீப்பேறிப் போய்விட்டார்கள்.

நிதேஷ் கண்கள் சிவந்து வந்தான். மஞ்சரி வாயைத் திறந்தாள். இப்போது சொன்னால் அவன் இனி பேனாவைத் தொடமாட்டான். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் இந்த வேஷம். இனி முடியாது, சொல்லிவிடுவது என்றே தீர்மானித்தாள்.

"நிதேஷ், அப்பா..."

அவன் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, நான் சமாளிச்சுக்கறேன். மறுபடி எழுதறேன். அப்பாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதே. அவருக்கு மனசு தாங்காது."

மஞ்சரி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"சொல்லலைடா," என்றாள்.