மேதா

தாய்மொழியில் கலப்பு கூடாது என்ற வானொலிப் பேச்சைக் கேட்டு முடித்த கையோடு கிதைகா வீட்டில் ஒரு சட்டம் போட்டார். சுவாஹிலியிலிருந்து வந்த எந்தச் சொல்லும் இனி இந்த வாசலைத் தாண்டக் கூடாது. சொந்த மொழியான சுத்தமான கிகுயூதான்.

"அப்போ மேதாவை என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டாள் மனைவி வாரிகியா. மேதா என்றால் மேசை. கடற்கரைக்காரர்களின் சுவாஹிலிச் சொல்லான மேஸா, மலைநாட்டுக்கு ஏறி வந்து அப்படி ஆகியிருந்தது.

"நம்ம பாட்டன் என்ன அதுல வெச்சா தின்னான்? வேற பேரு வை."

"நீங்களே வைங்க, நியாவிரா அப்பா. எனக்குத் தேயிலை கிள்ளப் போகணும்."

போகிற வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. கோப்பை, தட்டு என்கிற பேர்களும்கூட அதே கடற்கரைச் சரக்குதானே!

சனிக்கிழமை மதியம் கிதைகாவின் சமவயதுத் தோழர் முவானிகி விருந்துக்கு வந்தார். கூடத்தில் மேசை இல்லை. கோப்பை, தட்டு ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கும் பட்டாணியும் சோளமும் மசித்த பானை மட்டும் தரையில் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

"அது எங்கடி?" என்றார் கிதைகா.

"எது?"

"அதான்... நாலு கால் இருக்குமே."

"அதுவா? இதோ." வாரிகியா கொல்லைப்பக்கம் போய் வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

முவானிகிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "ஏண்டா, உங்க வீட்ல ஆட்டு முதுகுல வெச்சுத்தான் பரிமாறுவீங்களா?"

ஆடு யாரையும் கேட்கவில்லை. நேரே பானைக்குள் வாயை விட்டது.

"ஐயோ, மேதா! மேதாவைக் கொண்டு வாடி!" என்று அலறினார் கிதைகா.

கோழிக்கூட்டின் பின்னாலிருந்து மேசை வந்தது. தட்டும் கோப்பையும் வந்தன. ஆடு விட்டுவைத்ததை மூவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

பிறகு தேநீர். ஒரு வாய் குடித்த கிதைகாவின் முகம் கோணிற்று. சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பெயர் சொல்லிக் கேட்கட்டும் என்று வாரிகியா காத்திருந்தாள். அந்தப் பெயரும் கடற்கரையிலிருந்து வந்ததுதான்.

கிதைகா டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"தேன்! சுத்தமான கிகுயூ. பாட்டன் தின்னது. எடுத்துட்டு வா."

வீட்டில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. முவானிகி தொடையில் தட்டி, "மாட்டிக்கிட்டியா, நியாவிரா அம்மா!" என்றார்.

வாரிகியாவுக்கும் சிரிப்பு பீறிட்டது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு தேன் கடன் கேட்கப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

"மெதுவாவே வா, காத்திருக்கோம்!" என்று பின்னாலிருந்து கிதைகா குரல் கொடுத்தார்.