மணிக்கட்டில் கிராம்பு வாசனை

இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்பது மட்டும் தையல்காரிக்கு நினைவில் நிற்காது. ஒருமுறை வாடிக்கையாளரின் கோட்டு கருகி வீடெல்லாம் புகை சூழ்ந்ததிலிருந்து அந்தச் சந்தேகம் அவளைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. தைத்த துணிகளைக் கடையில் சேர்க்க பஸ் ஏறுவாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சந்தேகம் வந்துவிடும். இறங்கித் திரும்பி ஓடுவாள். சுவிட்ச் அணைந்துதான் கிடக்கும்.

"உன்னை ஓட்டப்பந்தயத்துல சேர்த்துவிட்டிருந்தா மெடலாவது கிடைச்சிருக்கும்," என்பான் லிஃப்ட் மெக்கானிக்கான கணவன்.

"சிரிங்க, சிரிங்க. வீடு எரிஞ்சா அப்பத் தெரியும்."

பல்வலி வந்த நாளில்தான் அந்த யோசனை பிறந்தது. கிராம்புத் தைலம் பட்ட விரல் மாலைவரை மணத்தது. பல்லுக்கு மருந்து வைத்தோமா என்று அன்றைக்கு அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாளே தைலப்புட்டி சுவிட்சுக்குப் பக்கத்துக்குப் போனது. பிளக்கைப் பிடுங்கியதும் இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு. குளிக்கும்போது சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவாள். நேற்றைய வாசனை இன்றைக்குப் பொய் சொல்லக் கூடாதல்லவா?

பஸ்ஸில் மனசு அரித்தால் கையை மோந்து பார்ப்பாள். அப்புறம் நிம்மதியாக வேடிக்கை பார்ப்பாள்.

எல்லாம் ஜலதோஷம் பிடிக்கும்வரைதான். அன்றைக்கு மோந்தாள், ஒன்றும் தெரியவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி மோந்தாள். ஊஹும். மூக்குதான் அடைத்திருக்கிறதா, தைலம் தடவவே இல்லையா?

பக்கத்தில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெட்கத்தை விட்டுக் கையை நீட்டினாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது என்ன வாசனைன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து மோந்தார். "கிராம்பு. தூக்கலா அடிக்குதே! பல்லுவலியா?"

தையல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "மாத்திரை போட்டது மறந்து, இன்னொன்னு போட்டு மயங்கியே விழுந்திருக்கேன்மா. பையன்கிட்ட மூச்சு விடல. தெரிஞ்சா என்னைத் தனியா இருக்க விடமாட்டான்."

தையல்காரி அவர் கையைப் பார்த்தாள். இடது கை விரலில் ஒரு மெல்லிய மோதிரம்.

"மாத்திரை போட்டதும் இதைக் கழட்டி வலது கைல மாட்டிக்கோங்கம்மா. பழக்கமில்லாத விரல், நாள் முழுக்க உறுத்திக்கிட்டே இருக்கும். தூங்கப் போறப்ப பழையபடி மாத்திடுங்க. ஆனா பையன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

"சொல்றேன், சொல்றேன்," என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி.

அடுத்த வாரம் பஸ்ஸில் அவரை மறுபடி பார்த்தாள். மோதிரம் வலது கையில் இருந்தது.

"உறுத்துது, சனியன்!" என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக. "பையன்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு பாட்டம் கத்தினான். இப்ப தினமும் போன் பண்ணி, எந்தக் கைன்னு கேக்கிறான்."