அத்தான் பார்த்த ரிப்பேர்

விஜயஸ்ரீ பேட்டையில் அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்துகிறாள். அவளுடைய அக்கா புருஷன் குமரகுருபரன் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். இந்த இரண்டும் தனித்தனியாக நடந்திருந்தால் யாருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது.

போன வருஷம் பட்டறைக்கு வந்த அத்தான், கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "அடிமைப் புத்தி" என்றார். யாரையும் கேட்காமல் அதைத் துடைத்தெறிந்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டார். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குத் தும்மல் வந்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். வேறு ஆளைக் கூப்பிட்டால் அக்கா ஞானம்பாள் போனை எடுக்கமாட்டாள்.

அன்று சனிக்கிழமை. காலையில் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒற்றை வரி இங்கிலீஷ் வந்து நின்றுவிட்டது. கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிக்குப் புதுப்பெட்டியின் வரைபடம் மாலைக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் சிவகாசிக்குப் போய்விடும் என்று அந்தக் கம்பெனி முதலாளி கைலாசம் அண்ணாச்சி கறாராகச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டரை நம்பித்தான் விஜயஸ்ரீ இரண்டாவது வெட்டு மெஷினையே வாங்கியிருந்தாள்.

அத்தான் வந்தார். வந்ததும் மேசை ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன செஞ்சு தொலைச்ச?"

"ஒண்ணும் செய்யல அத்தான். நேத்து அப்டேட் போடவான்னு கேட்டுச்சு. சரின்னேன்."

"சரின்னுட்டியாக்கும்." மெஷின் பக்கம் நின்ற வேலையாள் சங்கிலிபூதத்தானிடம் திரும்பி, "இது படிச்ச பிள்ளதான வே?" என்றார். அவன் குனிந்து அட்டையை எண்ணத் தொடங்கினான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவ் வெளியே வந்தது. அதற்குள்ளேயே ஒரு முழு லினக்ஸ் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் முதலில் அதிலிருந்து எழுந்துகொள்ளுமாம். பிறகு அங்கே இருந்தபடியே ஹார்டு டிஸ்க்கில் செத்துக் கிடக்கும் பட்டறை லினக்ஸுக்குள் நுழைந்து, அதைச் சரிசெய்யலாமாம்.

"ஜங்ஷன் கம்ப்யூட்டர் கடைக்காரனுவளுக்கு இதெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது. அவனுவளுக்குத் தெரிஞ்சது ஃபார்மெட் ஒண்ணுதான்."

விரல் தெறிக்கத் தட்டினார். திரையில் வரிகள் ஓடின. ஒவ்வொரு வரி முடியும்போதும் விஜயஸ்ரீ வியந்தாளா என்று திரும்பிப் பார்த்தார். இந்த மனுஷனோடு அக்கா எப்படித்தான் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துகிறாளோ என்றுதான் அவள் வியந்துகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது" என்றார் கடைசியில். திரையில் பளிச்சென்று படம் வந்தது. ஆனால் அவளுடைய பழைய வரைபடங்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

"அதெல்லாம் பைய வரும். இப்பம் புதுசா வரைஞ்சுக்க. கையும் பழகும்லா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, மடிப்புக் கோட்டிலிருந்து ஒட்டும் விளிம்பு வரை முதலிலிருந்து வரைந்தாள். அத்தான் அவளுடைய தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு, அட்டைக் கட்டின் மேல் சாய்ந்து குறட்டை விட்டார்.

மாலையில் வரைந்து முடித்தாள். சேமித்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்து, கைலாசம் அண்ணாச்சி சொல்லச் சொல்ல மின்னஞ்சல் முகவரியை அடித்துக்கொண்டிருந்தாள். தூங்கி எழுந்த அத்தான் நேரே வந்து பென் டிரைவைப் பிடுங்கினார்.

"அத்தான்!"

"வேலை முடிஞ்சுதுல்லா? இது எதுக்கு இன்னும் இங்கன?"

திரை உறைந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கறுப்புத் திரை, அதே ஒற்றை வரி. அத்தானின் நெற்றியில் முதல்முறையாக வியர்வை தெரிந்தது.

"ஹார்டு டிஸ்க்குக்குள்ள நுழையுததுக்கு ஒரு கட்டளை உண்டு. அதை அடிக்க விட்டுட்டேன் போல."

"அப்பம் காலையில இருந்து எதை ரிப்பேர் பண்ணுனிய?"

"பென் டிரைவுல உள்ளதை."

"அது கெட்டுப் போயிருந்துச்சா?"

"இல்ல. அது நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் வரைஞ்சது?"

"அது மெமரியிலதான் இருந்திருக்கும். அணைச்சா போயிரும். சேமிக்கதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்லா நீ."

விஜயஸ்ரீக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது. தன் அறியாமையையும் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு ஃபேன் காற்றில் நிற்க ஒரு மனுஷனால் முடிகிறதே!

"ஏம்மா," என்றது மேசைமேல் கிடந்த போன். அண்ணாச்சி இன்னும் லைனில்தான் இருந்தார். "அங்கன பேசுதது யாரு? புரொபசர் குமரகுருபரனா?"

"ஆமா அண்ணாச்சி. எங்க அக்கா வீட்டுக்காரரு. வரைஞ்சது எல்லாம் அழிஞ்சு போச்சு."

ஆர்டர் போயிற்று என்றே நினைத்தாள்.

"சரி, திங்கக்கிழமை அனுப்பு. சிவகாசிக்குக் குடுக்கல," என்றார் அண்ணாச்சி. "போன ஆவணில எங்க கம்பெனிக்கும் வந்து ரிப்பேர் பாத்தாரு. நாங்க இன்னும் கையாலதான் பில் எழுதிக்கிட்டு இருக்கோம்."

அத்தான் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவங்க சிஸ்டம் ரொம்பப் பழசு" என்றார்.