இறக்கி வைத்த ஃபேடர்

டீக்கோப்பைகளோடு நான் திரும்பி வந்தபோது கணினித் திரையில் மைக்கில் விழும் சத்தத்தைக் காட்டும் மீட்டர் ஆடிக்கொண்டிருந்தது. ஃபேடரை நான்தான் அடிவரை இறக்கிவிட்டுப் போயிருந்தேன். ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. நம் காதுக்கு எவ்வளவு சத்தம் வர வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஃபேடர். மைக் கேட்பதையோ பதிவாவதையோ அது தடுக்காது. உள்ளே யார் என்ன பேசினாலும் மீட்டர் பச்சையாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

உள்ளே அக்கா இருந்தாள். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலை எங்களுடையது. குரல் அவளுடையது, மற்றதெல்லாம் நான். என் வீட்டுப் பின்னறையின் சுவர்களில் மெத்தைகளை அறைந்து, கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டி, சத்தம் போகாத அறையாக்கியிருந்தேன். முதல் நாள் அதைப் பார்த்த அத்தான், "நல்ல ரூம். உள்ள என்ன நடந்தாலும் வெளிய ஈ காக்காவுக்குத் தெரியாது," என்றார். எல்லோரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அவருக்குத் தங்கக் கம்பி என்று பெயர். அம்மா வைத்தது. குரலை உயர்த்தியதே கிடையாது. அக்காவைத் தினமும் கொண்டுவந்து விடுவார், நேரத்துக்கு வந்து கூட்டிப்போவார். ஆறு மாதத்துக்கு முன் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது, மாப்பிள்ளை சோறு ஊட்டிவிட்டதை அம்மா ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

அன்று அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் டீ போடப் போனேன்.

மீட்டரைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். இது இரண்டு பேரின் பேச்சு. தாழ்வாக, ஏற்ற இறக்கமில்லாமல் நெடுநேரம் ஓடும் பச்சைக் கோடு. பிறகு ஒரே ஒரு சின்னத் துள்ளல். மறுபடி நீளம், மறுபடி துள்ளல். பக்கம் பக்கமாகத் தடுமாறாமல் வாசிக்கிறவள், அவரிடம் 'ம்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டி பேச்சை ஒட்டுக்கேட்பது அசிங்கம் என்று தெரியும். ஆனாலும் கை போய்விட்டது. ஹெட்போனை ஒரு காதில் வைத்து ஃபேடரை மெல்ல ஏற்றினேன்.

"போன தடவ பாத்ரூம்னு சொன்ன. எல்லாரும் நம்புனாங்க. உங்க அம்மாவே நம்புனாங்க. இந்தத் தடவ மாடிப்படின்னு சொல்லுவ. அதையும் நம்புவாங்க."

"ம்."

"தங்கச்சி வீட்டுல தங்கறேன் கிங்கறேன்னு இனிமே வாயத் திறக்காத. கண்ணத் தொடச்சுக்க."

பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற குரல். சத்தம் கூடினால் வரும் மஞ்சளை மீட்டர் தொடக்கூட இல்லை. எழுந்து கதவை உடைக்கத்தான் நினைத்தேன். விரல் செய்தது வேறு. பதிவுப் பொத்தானை அழுத்தியது. சிவப்பு வட்டம் மின்னத் தொடங்கியது. கதவின் கைப்பிடி அசைந்ததும் ஃபேடரை அடிக்கு இறக்கினேன்.

அத்தான் வெளியே வந்து கதவைப் பதமாகச் சாத்தினார். அவளுக்குத் தலைவலியாம், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவாளாம். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டார். வேலையைப் பற்றிக் கேட்டார், அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன்.

அப்போது மீட்டர் மறுபடி ஆடியது.

"அது ஏன் ஆடுது?"

"ஃபேன் காத்து, அத்தான்."

உள்ளே ஃபேன் கிடையாது. அவர் இப்போதுதான் அங்கிருந்து வந்தவர். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்டிருக்காது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

அக்கா அந்த மைக்கோடு ஐந்து வருடம் பழகியவள். ஃபேடர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று அவளுக்கும் தெரியும். நான் பதிவை ஓடவிட்டிருப்பேன் என்று எதை வைத்து நம்பினாளோ. பச்சை நிதானமாக ஏறி இறங்கியது. வாக்கியம் முடியும் இடத்தில் நின்றது, மூச்சு வாங்கியது, அடுத்ததைத் தொடங்கியது. பாடம் வாசிக்கிற அதே ஒழுங்கு. என்ன சொல்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். நான் முந்திக்கொண்டு போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"தள்ளும்மா. அவளுக்கு உடம்பு சரியில்ல."

"உள்ள ரெக்கார்டிங் ஓடுது, அத்தான். கதவத் திறக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகம் மாறவில்லை. சிரித்தார். என் தோளில் கை வைத்தார், தட்டிக்கொடுப்பதுபோல. வைத்த கையை எடுக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின.

அவருடைய தோளுக்கு மேலே திரை தெரிந்தது. பதிவு நேரம் நான்கு நிமிடத்திலிருந்து ஐந்தாகியது. பச்சை ஏறி மஞ்சளைத் தொட்டு, அங்கேயே நின்று ஆடியது.