மெக்கானிக் வரலையா?

அவளுடைய வீட்டுக்காரருக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது. மாட்டினாலும் எரியாது. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவருக்கு. எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பாய்ந்து பிடித்துவிடுவார். வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் அது பக்கத்து வீட்டுக் குழாய் மாதிரி நடந்து போவார். அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் ஊரே வாஷிங் மெஷின் மெக்கானிக் என்று நம்பிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அவள்தான். ஒரு சர்வீஸ் சென்டரில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிவிட்டு, போதும், இனி சொந்தமாகச் செய்வோம் என்று வெளியே வந்தவள். வந்த பிறகுதான் தெரிந்தது, கதவைத் திறக்கிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டி வாசலை எட்டிப் பார்க்கிறார்கள் என்று. "மெக்கானிக் வரலையா?" ஒரு வீட்டில் ரொம்ப அன்பாக உட்கார வைத்து, காபி கொடுத்து, "அவர் வர்ற வரைக்கும் பாத்துட்டிருங்கம்மா" என்று டிவி வேறு போட்டுவிட்டார்கள். காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் கேட்டார், "அச்சகம் விட்டதும் நான் வேணா சும்மா கூட வந்து நிக்கட்டுமா?"

ஆறடி உயரம், அடர்ந்த மீசை, சட்டைப்பையில் பேனா. நின்றார், அவ்வளவுதான், வேலை வந்து குவிந்தது! கேள்வியெல்லாம் அவரிடம், வேலையெல்லாம் அவளிடம். பதில் சொல்ல ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மெஷினுக்குப் பின்னால் இருந்து அவள் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் 'சரி', இரண்டு தட்டினால் 'முடியாது'. மனுஷன் பிரமாதமாகத் தேறிவிட்டார். போகப் போக, தட்டுக்குக்கூடக் காத்திராமல், "பெல்ட்டா இருக்கும்ங்க" என்று சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட ஆரம்பித்தார். எந்த மெஷினாக இருந்தாலும் பெல்ட்தான். வீடு வந்து சேர்ந்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அப்போதுதான் அந்த மாணவர் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கூடம் நிறைய மெஷின்கள். வருஷம் முழுக்கப் பராமரிக்கும் ஒப்பந்தம் மட்டும் கிடைத்துவிட்டால், வீட்டுப் பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே குனிந்துகொண்டு மோட்டாரைப் பிரிக்க வேண்டாம். தெருமுனையில் காலியாகக் கிடக்கிற கடையை எடுத்துவிடலாம். பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் என்பதுவரை அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"முதல்ல இந்த ஒண்ணைச் சரி பண்ணிக் காட்டுங்க சார்," என்றார் விடுதி மேலாளர், அவரிடம்தான். "தண்ணி வெளியவே போக மாட்டேங்குது. ரெண்டு பேர் வந்து பாத்துட்டு கையை விரிச்சுட்டாங்க."

"பெல்ட்டா..." என்று ஆரம்பித்தவரை அவள் ஒரு பார்வை பார்த்தாள். கப்சிப்.

அவள் மெஷினுக்குப் பின்னால் போய்த் தரையில் படுத்து, மூடியைக் கழற்றி, பம்புக்குள் கையை விட்டாள். அங்கே நாற்காலி போட்டாயிற்று, டீயும் வந்தாயிற்று, எல்லாம் அவருக்கு.

"சார், ஒரு விஷயம்," என்றார் மேலாளர். "இது பசங்க இருக்கற இடம். லேடீஸ் வந்து போறது சரிப்படாது. இன்னைக்கு வந்துட்டாங்க, பரவால்ல. இனிமே நீங்க மட்டும் வாங்க. சரின்னா இப்பவே கையெழுத்துப் போட்டுடலாம்."

பாழாய்ப்போன சோப்புத் தண்ணீர்! சரியாக அந்த நேரம் பார்த்து ஸ்பேனர் அவள் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. டங். ஒரே ஒரு சத்தம்.

"சரிங்க," என்றார் வீட்டுக்காரர், கம்பீரமாக.

கேட்டீர்களா இந்தக் கூத்தை! அவள் தொழிலிலிருந்து அவளையே வெளியே அனுப்பியாகிவிட்டது. அவளுக்கு வீட்டுக்காரர்மேல் கோபம் வரவில்லை. பாவம், சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்தார். பேசாமல் கையெழுத்துப் போடவிட்டு, அப்புறம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாமா? அந்தக் கடை கண்ணுக்குள்ளேயே நின்றது. விரலில் ஏதோ தட்டுப்பட, பிடித்து இழுத்தாள். ஒற்றைக் காலுறை. தண்ணீர் மடமடவென்று வெளியே போயிற்று.

நனைந்த கையோடு எழுந்து வந்தாள்.

"கையெழுத்து நான்தாங்க போடணும். மெக்கானிக் நான். தொழிலும் என்னுது. நான் வரக்கூடாதுன்னா, இந்த வேலை எங்களுக்கு வேண்டாம்." ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

மேலாளர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், வீட்டம்மா தமாஷ் பண்றாங்க?"

வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நிஜந்தாங்க. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"அடேயப்பா, என்ன அடக்கம்! சரி, விடுங்க. மெஷினை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க."

மனுஷன் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். பக்கவாட்டில் பார்த்தார். சோப்புத்தூள் போடும் இழுப்பறையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாக மூடினார். மேலாளரின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்துபோயிற்று.

மேலாளர் காலியான மெஷினைப் பார்த்தார், மூலையில் மலையாகக் கிடந்த அழுக்குத்துணியைப் பார்த்தார். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தார்.

"பசங்க வகுப்புக்குப் போன பிறகு வர முடியுமாம்மா?"

"மெஷின் எப்ப நிக்குதோ அப்ப வருவேங்க. வார்டனைக் கூட நிக்கச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணுமில்ல."

ஏதோ முணுமுணுத்தார். ஆனால் ஒப்பந்தக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரர்தான் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே வந்தார். நாலு பேர் முன்னால் அசிங்கமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இனிமே நான் வர வேண்டாம், இல்ல?"

"அப்பாடான்னு இருங்க. எனக்காக எவ்வளவு நாள்தான் நிப்பீங்க?"

"எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல," என்றார் அவர். "நீ மெஷினுக்குள்ள கையை விட்டா உன் முகமே வேற மாதிரி ஆயிடும். வேலை ஒண்ணும் எனக்குப் புரியாது. அதைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனுஷன் இப்படி ஒரு வார்த்தை பேசினதே இல்லை. அவள் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். கண்ணைத் துடைக்கப் போனால் கையெல்லாம் கிரீஸ்.

"கடையை எடுத்ததும், தினம் சாயங்காலம் அச்சகம் விட்டு நேரா அங்க வந்துடுங்க," என்றாள். "எனக்கு எதிர்லயே உங்களுக்கு ஒரு நாற்காலி போடறேன்."