மாமன் மடி

பெற்றது ஒரு கண், கூடப்பிறந்தது ஒரு கண். எதைக் குத்திக்கொள்வாள் பொன்னுத்தாய்? மகள் யமுனா தூக்கம் வரவில்லை என்று சென்னையில் யாரோ ஒரு கவுன்சலிங்காரரிடம் போனாள். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னாராம். இத்தனை வருஷம் இல்லாத ஞாபகம் வந்துவிட்டதாம். சந்தன வாசனை, காலை இடுக்கிய தொடை, வாயைப் பொத்திய கை, உயிர் போகிற வலி, மேலே குனிந்த முகத்தில் புருவத் தழும்பு. அன்பு மாமாதான் என்றாள், பொன்னுத்தாயின் தம்பியை. திங்கட்கிழமை போலீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அம்மாவின் ஸ்ரீரங்கத்து வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

சோறு இறங்காமல் கிடந்த பொன்னுத்தாய்க்குச் சட்டென்று பொறி தட்டியது. அட, சமயபுரம்! வேண்டுதல் தள்ளிப்போய் நாலு வயதில்தான் யமுனாவுக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். பிள்ளை துள்ள, தாய்மாமன் மடியில் இடுக்கி வாயைப் பொத்தினான்.

"அதுதான்டி அது! நான் பக்கத்துலயே நின்னு கண்ணால பாத்தேன்."

யமுனா காதைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "அப்படியும் இருக்கலாம்மா," என்றாள். பொன்னுத்தாய்க்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த பஸ்ஸில் கைலாசபுரத்துக்கு, தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

அன்புச்செல்வன் தாடியும் அழுக்கு வேட்டியுமாகக் கதவைத் திறந்தான். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பாவி, தலையாட்டியிருக்கக் கூடாதா?

"அக்கா, அன்னிக்கு நான் வரலையே. லீவு கிடைக்கல. எனக்குப் பதிலா சித்தப்பா மகன் வெள்ளைச்சாமி மடியிலதானே வச்சுக் குத்தினீங்க? நான் வரலைன்னு நீ வருஷக்கணக்கா என்கூடப் பேசல."

பேசாமல் இருந்தது அவளுக்கும் நினைவிருந்தது. மடி வெள்ளைச்சாமியுடையது என்றால், மகள் பார்த்த தம்பியின் தழும்பு எந்த நாளைச் சேர்ந்தது?

"ஏன்டா வாயைத் திறந்தே? ஆமான்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"பொய் சொல்லியா தப்பிக்கணும்? நான் எதுவும் செய்யலக்கா. நம்புறியா?"

நம்பத்தான் ஆசை. ஆனால் வராதவனை வந்ததாகப் பார்த்த கண் இது. இன்னும் பார்க்கிறது, சந்தனத்தோடு, தழும்போடு. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மகளுக்கு எப்படிச் சாட்சி சொல்வாள்? மகளுடைய கண் மட்டும் பொய் என்று எந்த வாயால் சொல்வாள்?

போன் அடித்தது. யமுனா.

"அம்மா, மாமாகிட்ட குடு. மன்னிப்புக் கேக்கணும். நீ கண்ணால பாத்ததுதானேம்மா?"

பொன்னுத்தாய் தம்பியைப் பார்த்தாள். அவனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியலடி," என்றாள்.

அங்கே மகள் போனை வைத்தாள். இங்கே தம்பி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.