பாதியில் நின்ற மதிப்பீடு

பிரியதர்ஷினிக்கு முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. நிரந்தர வேலைதான் கிடைக்கவில்லை. டெல்லி முனிர்காவில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத் துறை ஒன்றில் ஒப்பந்த வேலை பார்த்துவந்தாள். நகரங்களின் குடிநீர் பற்றி அந்தத் துறை பெரிய கருத்தரங்கு ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தது. நாடெங்கிலுமிருந்து வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பீட்டாளர்களுக்குப் பிரித்து அனுப்பி, அவர்களிடமிருந்து மதிப்பெண் வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. ஒவ்வொரு சுருக்கத்தையும் இரண்டு பேர் படிக்க வேண்டும். எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியாது, படித்தவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மதிப்பீட்டாளர்களில் மூத்தவர் பேராசிரியர் மகாதேவன். திருநெல்வேலிக்காரர். ஓய்வு பெற்றபின் மனைவியோடு மயூர் விஹாரில் இருந்தார். முதலில் கேட்டபோதே போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"எனக்கு அஞ்சாறு போதும்மா. காத்து மோசமானா எனக்கு மூச்சு இழுக்கும். கம்மியாக் குடு, ஒழுங்காப் படிச்சுத் தாரேன்."

"சரிங்க சார், அதுக்கு மேல அனுப்ப மாட்டேன்" என்றாள்.

தீபாவளி முடிந்ததும் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவருக்கு வெளிநாட்டுப் பயணம், ஒருவருக்குத் தேர்வுத்தாள். சிலர் பதிலே போடவில்லை. படிக்க ஆளில்லாத சுருக்கங்கள் அவள் கணினியில் தேங்கி நின்றன. துறைத் தலைவர் சுரேஷ்குமாரிடம் போய் நின்றாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழும் இந்தியும் கலந்துதான் பேசுவார்.

"ரிட்டயர்டு ஆளுங்க யாரு இருக்காங்க? அவங்களுக்கு டைம் இருக்கும். அவங்க தலைல போடு. ஜல்தி, சீக்கிரமா முடிக்கணும், சம்ஜி? புரியுதா?"

மகாதேவனின் பெயருக்கு நேரே மிச்சத்தையெல்லாம் மாற்றிவிட்டாள். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பார் என்று தெரியும்.

அவர் மறுப்பு எதுவும் எழுதவில்லை. ஆனால் மற்றவர்கள் மதிப்பெண்ணைத் தட்டிவிட்டு இரண்டு வரியில் முடித்த இடத்தில், அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினார். எந்தக் கிணற்றில் எப்போது அளந்தாய், கோடையிலா மழைக்குப் பிறகா, அளவு மாறினால் உன் முடிவு நிற்குமா என்று, எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல. பிரியதர்ஷினிக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்கு வேண்டியது மதிப்பெண், அதுவும் சீக்கிரம்.

ஒரு நாள் கூட்டத்தில் இருந்தபோது அவர் பெயர் போனில் ஒளிர்ந்தது. ஒலியை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் அவகாசம் கேட்பார் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் மறுநாள் ஒருமுறை வந்தது, போனது.

கெடு தாண்டியதும், தானாகப் போகும் நினைவூட்டல் போதாதென்று அவளே உட்கார்ந்து மகாதேவனுக்கு ஒரு மெயில் எழுதினாள். உங்களால் மாணவர்களின் முடிவுகள் தாமதமாகின்றன, இதுவே கடைசி அறிவிப்பு, இனியும் வராவிட்டால் குழுவிலிருந்து உங்கள் பெயரை எடுக்க நேரிடும் என்று. அனுப்பும்போது கொஞ்சம் கூசியது. அனுப்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவருடைய மதிப்பீடுகள் வர ஆரம்பித்தன, ஒன்றன்பின் ஒன்றாக. கடிந்து எழுதியதில் தப்பில்லை என்று பட்டது. கடைசியாக வந்ததில் மட்டும் மதிப்பெண் கட்டம் காலி. "இதில் எண்கள் குறைவு. ஆனாலும்" என்பதோடு வாக்கியம் நின்றிருந்தது. ஏதோ அவசரத்தில் அனுப்பிவிட்டார் என்று நினைத்தாள். பட்டியல் அன்றே போயாக வேண்டும். நடுவாக ஒரு மதிப்பெண்ணைப் போட்டு மூடினாள். அந்தச் சுருக்கம் தேர்வுக்கான வெட்டுக்கோட்டுக்கு மயிரிழையில் கீழே போனது; எழுதியவருக்கு மற்றவர்களோடு நிராகரிப்புக் கடிதம் போய்ச் சேர்ந்தது.

தை பிறந்தபின் மதிப்பீட்டாளர்களுக்கு நன்றிச் சான்றிதழ் அனுப்பினாள். மகாதேவன் முகவரியிலிருந்து அவர் மனைவி பதில் எழுதியிருந்தார். அவர் டிசம்பரில் காலமாகிவிட்டார் என்று ஒரே வரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து மயூர் விஹார் போனாள். கதவைத் திறந்த அம்மாள் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து காப்பி கொடுத்தார்.

"மூச்சு ரொம்ப இழுத்துது. ஆஸ்பத்திரில சேந்துருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த ரெண்டு மூணு நாள் போகட்டும், கடைசி அறிவிப்புன்னு எழுதிட்டாகன்னு இவுக கேக்கல. பக்கத்துல மிஷினை வச்சு ஆவி பிடிச்சுக்கிட்டே டைப் பண்ணுவாக."

பிரியதர்ஷினி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு முன்ன ஒரு போன் போட்டாக. யாரும் எடுக்கல. ஒரு பிள்ளை நல்லா எழுதியிருக்கு, கணக்குதான் பத்தல, திருத்திக் குடுக்கச் சொன்னா எடுத்துக்கிடுவாகளான்னு கேக்கணும்னாக. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது, ஆனா சின்னப் பிள்ளதான், எழுத்துலயே தெரியுதுன்னு சொல்லிச் சிரிச்சாக."

அம்மாள் முந்தானையால் மேசையின் ஓரத்தைத் துடைத்தார்.

"எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டாகளாம்மா? ஆம்புலன்ஸ் வந்தப்பவும் ஒண்ணு பாக்கின்னு சொன்னாக."

"முடிச்சுட்டாருங்கம்மா. எல்லாமே வந்திருச்சு."

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்தச் சுருக்கத்தை எடுத்துப் படித்தாள். ராஞ்சிப் பக்கத்து மாணவி ஒருத்தி, தன் பேட்டையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தைப் பெண்களிடம் கேட்டு எழுதியிருந்தாள். எண்கள் குறைவுதான். "ஆனாலும்" என்று அவர் எழுத வந்தது என்னவென்று பிரியதர்ஷினிக்கு இப்போது புரிந்தது.

சுரேஷ்குமாரிடம் ஓடினாள். நடந்ததைச் சொன்னாள்.

"மகாதேவன் சார் போயிட்டாரா... அரே. எனக்கு யாரும் சொல்லலையே." பிறகு, "புரோகிராம் பிரஸ்ஸுக்குப் போயாச்சு. சுவத்துல ஒட்டற போஸ்டர்ல ஒரு இடம் குடு. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

தவறு எங்களுடையது, தயவுசெய்து வாருங்கள், பயணச் செலவையும் ஏற்கிறோம் என்று அந்த மாணவிக்கு எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. நிராகரிப்பு வந்ததும் தன் வழிகாட்டி அந்தத் தலைப்பையே விட்டுவிடச் சொன்னதாகவும், இப்போது வேறு வேலையில் சேர்ந்துவிட்டதாகவும், விடுப்பு கிடைக்காது என்றும் எழுதியிருந்தாள். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. அழைத்ததற்கு நன்றி என்று முடித்திருந்தாள். மகாதேவன் எழுதிய அரை வாக்கியத்தை அவளுக்கு அனுப்பலாமா என்று பிரியதர்ஷினி யோசித்தாள். எதையும் நேராக்க முடியாத அரை வாக்கியம். அனுப்பவில்லை.

கருத்தரங்கு நடந்தது. தொடக்கவிழாவில் மகாதேவனுக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள், பிறகு தேநீருக்குப் போனார்கள். அடுத்த ஞாயிறு பிரியதர்ஷினி மறுபடியும் மயூர் விஹார் போனாள். இந்தமுறை உட்காருமுன்பே சொல்லிவிட்டாள்.

"அந்தக் கடைசி மெயில் நான் எழுதினதுங்கம்மா. போனை எடுக்காததும் நான்தான். அஞ்சாறு போதும்னு சொன்னவருக்குக் கேக்காம அத்தனையும் அனுப்பினதும் நான்தான். அன்னிக்கு நான் சொன்னதும் பொய். ஒண்ணு முடியலைங்க, பாதியில நின்னுருச்சு."

அம்மாள் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். குரலில் கடுமை இல்லை.

"தெரியும்மா. மெயிலுக்கு அடியில உன் பேருதானே இருந்துது. எனக்குத்தான் வாசிச்சுக் காட்டுனாக." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கே நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிரியதர்ஷினி தலை குனிந்து நின்றாள். அம்மாள் காப்பி போட உள்ளே போகவில்லை. நகர்த்திப் போட்ட நாற்காலியில் அவளை உட்காரச் சொல்லி, தானும் எதிரில் உட்கார்ந்தார்.